நாலு தடவை மாற்றிய ராம்ப்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். எனக்கு மட்டும் போன மாதம் இரண்டு நாள் மண்டையைப் பிளக்கிற தலைவலி வந்தது. மாத்திரை போட்டுப் படுத்தேன், போய்விட்டது. உன் உடம்பு எப்படி? அந்த அலுவலகத்தில் ஜன்னலாவது உண்டா?

ஆடிப் பார்த்துச் சொல் என்று நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. வெளிவராத விளையாட்டு என்பதால் அதைப் பற்றிப் போனில் பேசக்கூடாதாம், மெயிலிலும் எழுதக்கூடாதாம், கையால் எழுதிக் கூரியரில்தான் அனுப்ப வேண்டுமாம். பொம்மை ரேஸ் வண்டி ஓட்டுவதற்கு இத்தனை ரகசியமா என்று அத்தான் கேட்கிறார். "உன் தம்பி விளையாட்டு செய்யறானா, வெடிகுண்டு செய்யறானா?" என்றார். அந்த ரகசியத் தாளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவள். சக்கரம் தரையில் இருந்தால்தான் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். உன் வண்டியோ ராம்பில், அந்தச் சரிவு மேடையில், ஏறுகிறது, நுனியில் இருக்கும் நீலப் பட்டையைத் தொட்டதும் முதுகில் ஓர் இறக்கை விரிகிறது, பிறகு அந்தரத்தில் போகிறது. சரி, போகட்டும். ஆனால் அந்தரத்திலும் திரும்புகிறதே, எதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது? கையில் பிடிக்கிற கருவியில் இருக்கும் குமிழை முன்னால் தள்ளினால் மூக்கு கீழே போகிறது, பின்னால் இழுத்தால் மேலே போகிறது. எனக்கு முன்னால் என்றால் முன்னால்தான். ஒரு மணி நேரம் ஆடியதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூன்றாவது டிராக்கில், அந்தக் கல்குவாரி ராம்பில் இருபது தடவை பறந்தேன். பதினான்கு தடவை கம்பத்தில் இடித்து விழுந்தேன். எங்கிருந்துதான் அந்தக் கம்பம் வருகிறதோ. கொஞ்சம் தள்ளி வைக்கக்கூடாதா? ஆடியதெல்லாம் பதிவான மெமரி கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. டெப்போவில் புது பஸ் கொடுத்திருக்கிறார்கள். பழையதைவிட அகலம். ஒரு கீறல் இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியவள், ஒரே மாதத்தில் இடது கண்ணாடியை ஒரு தடவை விளக்குக் கம்பத்தில் உடைத்தேன், இடது பக்கத் தகட்டை ஒரு தடவை சுவரில் உரசினேன். மேனேஜர் கூப்பிட்டு, "இன்னொரு கோடு விழுந்துச்சுன்னா உங்கள ரோட்ட விட்டு எடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஸீட் போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் விளையாட்டாவது கையைப் பழக்கட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஜன்னல் ஒன்று உண்டு, அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல். தலைவலியை அப்படியே விடாதே, ஒரு டாக்டரைப் பார். அத்தானுக்கும் குட்டிக்கும் என் அன்பு.

எதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது என்று கேட்டிருந்தாய். அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் காற்று என்றார். இன்னொருவர், காற்று என்று ஒன்றை நாம் எழுதவே இல்லையே என்றார். மத்தியானம் முழுக்க இதே சண்டை. எங்கள் குழுத் தலைவி வந்து, "வேலையப் பாருங்க" என்றதும்தான் ஓய்ந்தது. எனவே எனக்கும் தெரியாது.

குமிழ் விஷயம் எளிது. மூக்கைத் தூக்கினால் வண்டி நெடுநேரம் மிதக்கும், ஆனால் வேகம் செத்துவிடும். மூக்கைக் குனிய வைத்தால் சீக்கிரம் தரை தொடும், தரை தொட்டால்தான் என்ஜின் கைகொடுக்கும். எதுவரை மிதப்பது, எப்போது இறங்குவது என்று முடிவெடுப்பதுதான் இந்த விளையாட்டின் உயிரே. எங்கள் கம்பெனியில் அந்த ராம்பும் பறப்பும் முழுக்க என் பொறுப்பு. அது சரியாக வந்தால்தான் என்னை நிரந்தரமாக்குவார்கள்.

கம்பத்தை எடுத்துவிட்டேன். புதிய பதிப்பு அனுப்பியிருக்கிறேன். புது பஸ் அகலம் என்றால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். நீயாவது, பஸ்ஸாவது, இடிப்பதாவது. கவலைப்படாதே.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். டாக்டரிடம் போகவில்லை. வராத தலைவலியை எப்படிக் காட்டுவது?

கம்பம் போய்விட்டது, நன்றி. இப்போது சுவரில் இடிக்கிறேன். இறங்குமிடத்துக்கு வழி காட்ட ஓர் அம்புப் பலகை வைத்திருக்கிறாயாம், குட்டி சொல்கிறாள். நான் பார்க்கவே இல்லை. "அம்மா, இந்தா பெரிசா நிக்குது, மஞ்சள் கலர்ல" என்று டிவியைத் தொட்டுக் காட்டினாள். தலையைத் திருப்பியதும் இருந்தது. திரும்ப ஓட்டும்போது இல்லை. நிஜமாகவே அது வந்து வந்து போகிற பலகையா? அப்படிச் செய்திருந்தால் நல்ல குசும்பு உனக்கு. அவள் ஆறு தடவை பறந்து ஆறு தடவையும் நடுவில் இறங்குகிறாள். பன்னிரண்டு வயசுக்காரியிடம் தோற்பது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

ஒருவேளை ராம்பே கொஞ்சம் கோணலோ? அளந்து பார்.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே நாலு நாளாக மழை.

ராம்பை இடது பக்கம் அகலமாக்கியிருக்கிறேன். பலகை வந்து போகவில்லை அக்கா, எப்போதும் அங்கேயேதான் நிற்கிறது. இருந்தாலும் அதை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். ஆடிவிட்டு கார்டை அனுப்பு.

ஒன்று கேட்க வேண்டும். ஆடும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறாயா? டிவிக்கு மிகவும் பக்கத்தில் உட்காருகிறாயா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உன் சும்மாவை நான் அறிவேன். எனக்குக் கண்ணாடி கிடையாது. போன வாரம்தான் டெப்போவில் வருஷாந்திரக் கண் பரிசோதனை. கடைசி வரியில் எறும்பு மாதிரி எழுத்து இருக்குமே, அதைக் கடகடவென்று படித்தேன். "இன்னும் இருபது வருஷம் ஓட்டலாம்" என்றார் பரிசோதித்தவர். என் கண்ணைப் பற்றிப் பேச வராதே.

நல்ல செய்தி கேள். நேற்று ஜெயித்தேன். மூன்றாவது டிராக்கில் இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்தேன். ராம்ப் நுனியில் மூக்கைத் தூக்கி, மூன்று எண்ணி, சடாரென்று குனிய வைத்தேன். முன்னால் போனவன் தலைக்கு மேல் பறந்து போய் இறங்கினேன். குட்டி என்னைக் கட்டிக்கொண்டாள். அத்தான் விடைத்தாள் திருத்துவதை விட்டுவிட்டு வந்து பார்த்தார். இரண்டு மாதமாக மனசில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆக, கோளாறு என்னிடம் இல்லை, ராம்பில்தான் இருந்தது. திருத்தியதும் சரியாகிவிட்டது பார்.

மற்றவர்கள் எப்படி ஆடுகிறார்கள்? அவர்களும் அந்தச் சுவரில் இடித்தார்கள் என்று ஒரு வரி எழுது. மனசு ஆறும்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னித்துவிடு. சளி பிடித்துக்கொண்டது, பிறகு வீடு மாற்றினேன். புது அறையில் சமையல் அடுப்பு நன்றாக எரிகிறது. கீழ் வீட்டில் ஒருவர் தினமும் தும்முகிறார், சரியாக ஏழு தடவை. ஏழாவது வரும்வரை எனக்கு எதுவும் ஓடாது.

நீ ஜெயித்தது ரொம்ப சந்தோஷம். மற்றவர்களும் இடித்தார்கள். எல்லோரும்தான் இடித்தார்கள்.

தலைவிக்குக் கொஞ்சம் கோபம். ராம்ப் ராம்பு மாதிரியே இல்லை, விளையாட்டு மைதானம் மாதிரி பரந்து கிடக்கிறது, யாருக்காக இப்படி இழுத்துக்கொண்டே போகிறாய் என்று கேட்டார். கம்பம், அகலம், பலகை போக, இதோடு நாலாவது தடவையாக மாற்றி அனுப்பியிருக்கிறேன். பஸ் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதுவதே இல்லை.

தம்பி


மே 27

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதிப் பழகாதவன். கணக்கு வாத்தியாருக்கு வார்த்தை சீக்கிரம் வராது. நான் எழுதுவது உங்கள் அக்காவுக்குத் தெரியாது.

சில நாளாக அவள் தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். "போதும்" என்கிறாள். முதலில் பசியில்லை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், மிச்சம் வைப்பது எப்போதும் இடது பாதி. கத்தியால் வெட்டிய மாதிரி நடுவில் ஒரு கோடு. போன ஞாயிற்றுக்கிழமை தட்டை இடம் வலமாகத் திருப்பி வைத்தேன். "அட, இன்னும் இருந்துதா?" என்று சொல்லி மீதியையும் சாப்பிட்டாள். ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். ஒன்பது நாள் எண்ணினேன். ஒன்பது நாளும் அதே.

வாசலில் நுழையும்போது இடது தோளை இடித்துக்கொள்கிறாள். இடித்துக்கொண்டு கதவைத் திட்டுகிறாள். மூன்றாவது தடவையும் பஸ்ஸை எங்கோ உரசியிருக்கிறாள், கண்டக்டர் சொன்னார். அவளும் அவருமே பெயின்ட் வாங்கி அடித்து மறைத்துவிட்டார்களாம். நான் கேட்டால், "பஸ் அகலம், ராம்ப் கோணல்னு தம்பியே ஒத்துக்கிட்டான்" என்று உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறாள். உங்கள் விளையாட்டு எனக்குப் புரியாது. ஆனால் அந்தக் கடிதத்தை அவள் டாக்டர் சீட்டு மாதிரி கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

உங்கள் பெட்டியில் ஏதாவது தெரிகிறதா? எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தான்


ஜூன் 5

அக்கா,

நலம் விசாரிக்க இப்போது மனசில்லை. நான்கு நாளில் மூன்று தடவை போன் செய்தேன். "டியூட்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். எழுதியதைப் போன் மாதிரி வைத்துவிட முடியாது.

நான் பொய் சொன்னேன். மற்றவர்கள் இடிக்கவில்லை. உன்னைத் தவிர இன்னும் பதினோரு பேர் அந்த ராம்பில் ஆடினார்கள். வண்டி பறந்த வழியை கம்ப்யூட்டர் ஒரு கோடாகப் போட்டுக் காட்டும். அந்தப் பதினோரு பேருடைய கோடும் கம்பத்தைப் பார்த்து ஒதுங்கி, நடுவில் இறங்குகிறது. உன் கோடு கம்பத்துக்கு நேராகப் போகிறது. ஒதுங்கவே இல்லை. அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்த அறிகுறியே அதில் இல்லை. வலது பக்கம் ஓர் ஈ குறுக்கே வந்தால்கூட விலகுகிறாய். இடது பக்கத்தில் உனக்கு உலகமே இல்லாத மாதிரி ஓட்டுகிறாய்.

இதை நான் மார்ச் மாதமே பார்த்தேன். கண்ணாடி பற்றிக் கேட்டது அதனால்தான். நீ பரிசோதனையில் தேறிவிட்டேன் என்றதும், அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு கார்டிலும் அதே கோடு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராம்ப் தப்பு என்றால் நான் திருத்திவிடலாம். உனக்கு ஏதோ ஒன்று என்றால் எனக்கு என்ன செய்வது என்று தெரியாது. அதனால் தெரிந்ததைச் செய்தேன், ராம்பைத் திருத்தினேன். இடது பக்கம் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, உன்னை ஜெயிக்க வைத்தேன். நீ சந்தோஷமாக எழுதிய அன்று அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

ரோட்டை என்னால் மாற்ற முடியாது அக்கா. உன் பஸ்ஸில் அறுபது பேர் உட்காருகிறார்கள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷம் முதல் வண்டி எடுக்காதே. டாக்டரைப் பார். கண்ணை மட்டும் பார்த்து அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதே, தலைவலி வந்ததையும் சொல்.

உன் தம்பி


ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுத வந்த கை கொஞ்சம் நின்றது, அவ்வளவுதான். நடமாட்டத்துக்குக் குறைவில்லை. நீ இரண்டு தடவை போன் செய்தபோது அத்தான்தான் பேசினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். கண் இரண்டும் கண்ணாடி மாதிரி சுத்தமாம். கண் பார்த்ததை வாங்கிக்கொள்கிற இடம் மூளையின் பின்பக்கம் இருக்கிறதாம், அங்கே ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தலைவலி நாளில் நடந்திருக்கும் என்கிறார். அதனால்தான் எதிரே வைத்த எழுத்தைப் படித்துவிட்டேன், இடது பாதி மட்டும் போய்விட்டது. "போச்சுன்னா எனக்குத் தெரியாம இருக்குமா?" என்று கேட்டேன். "உங்களுக்கு அது இருட்டா தெரியாதும்மா. அங்க ஒண்ணுமே இல்லன்னுதான் மனசு சொல்லும்" என்றார். இன்னும் எனக்கு அது புரியவில்லை. இப்போதும் இந்தக் காகிதம் முழுசாகத்தான் தெரிகிறது. குட்டி சொல்கிறாள், நான் வரியை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறேனாம். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்து, இங்கே ஆரம்பி என்று காட்டுகிறாள். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் அவளை அனுப்பிவிட்டேன். அதனால் இனி எழுத்து தாறுமாறாகத்தான் இருக்கும்.

இனி பஸ் ஓட்ட முடியாது. காரும் முடியாது. மேனேஜர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். டைம் கீப்பர் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். எந்த பஸ் எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதுகிறேன். காலையில் வண்டிகள் வரிசையாகக் கிளம்பும்போது வலது கால் தானாக மிதிக்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மார்ச்சில் பார்த்ததை ஜூனில் சொன்னாய். நடுவில் நான் எத்தனை ஆயிரம் பேரை ஏற்றி இறக்கினேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அத்தான்கூடப் பாதியில் பேனாவை வைத்துவிட்டார். ஆனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அத்தானிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை.

உன் கடிதம் ஜூன் பத்தாம் தேதி வந்தது. டெப்போ வாசலிலேயே நின்று படித்தேன். இரண்டு தடவை படித்தேன். ஒவ்வொரு வரியும் உண்மை என்று எனக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி இருக்கத்தான் நான் கோணல் ராம்பைக் கேட்டேன், நீ கொடுத்தாய். அன்று சாயங்காலம் அத்தானிடம், லீவு போட்டுவிட்டேன், சனிக்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் நம்பினார். மறுநாள் காலையில் அவர் பள்ளிக்கூடம் போன பிறகு டெப்போவுக்குப் போய் பஸ்ஸை எடுத்தேன். இன்னும் நாலு நாள்தானே, ஆசை தீர ஓட்டிவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எதற்காக அப்படி நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை.

நாலாவது நாள், ஆஸ்பத்திரிக்கு முந்தின ஸ்டாப். எல்லோரும் ஏறியாகிவிட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தார். இடது கண்ணாடியைப் பார்த்தேன், தலையை நன்றாகத் திருப்பியும் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ரோடு காலி. கதவை மூடி, கிளட்சை விட்டு, வண்டி ஒரு முழம் நகர்ந்தது. வெளியிலிருந்து யாரோ தகட்டில் படார் படார் என்று அடித்தார்கள். பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கி முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

இடது முன்சக்கரத்துக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, பத்து வயசுப் பெண் ஒருத்தி. பள்ளிச் சீருடையில், முதுகில் பையோடு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுமே தெரியாது அவளுக்கு. நிதானமாக முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, எழுந்து திரும்பினாள். பஸ் நிற்பதையும் டிரைவர் இறங்கி வந்து நிற்பதையும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்காக நிறுத்துனீங்களா ஆன்ட்டி? தேங்க்ஸ்" என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.

உன் அக்கா